எம்.எல்.ஏ. வாயில் நம்ம ஊர்க் கேள்வி: மனு எழுதுவதிலிருந்து அமைச்சர் பதில் வரை முழு வழிகாட்டி

எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டி கட்டி, நீலப் பெயின்ட் அடித்து, திட்டத்தின் பெயரையும் தொகையையும் எழுதி ஒன்றரை வருஷம் ஆகியும் அதில் ஒரு குடம் தண்ணீர் ஏறவில்லை. மூன்று தடவை எம்.எல்.ஏ.விடம் சொன்னோம். முதல் தடவை ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்குப் போகிற வழியில். "தண்ணி வரலீங்க" என்றோம், அவரும் அங்கேயே போன் எடுத்து அதிகாரியிடம் பேசினார், மறுநாள் லாரியில் தண்ணீர் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. இரண்டாவது, மூன்றாவது தடவையும் இதே கதைதான். நான்காவது தடவை போனபோது கையில் ஒரு பக்கத்தில் எழுதிய மனுவும் அதன் பின்னால் நான்கு நகல்களும் இருந்தன. அன்றைக்குத்தான் விஷயம் நகர ஆரம்பித்தது.

எம்.எல்.ஏ. அதே ஆள்தான். நாங்கள் கொண்டுபோனதுதான் மாறியிருந்தது. முதல் மூன்று தடவையும் கொண்டுபோனது கோரிக்கை. நான்காவது தடவை கொண்டுபோனது கேள்வி. கோரிக்கையைக் கேட்டுக்கொண்டு "பாக்கலாமுங்க" என்று சொல்லி அனுப்பிவிடலாம். தொகையும் தேதியும் உள்ள கேள்வி சட்டப்பேரவைக்குள் போய்விட்டால், ஒரு துறை உட்கார்ந்து எழுத்தில் பதில் தயாரித்தே ஆக வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் இருக்கிறவர்கள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை அந்த இடம் வரைக்கும் கொண்டுபோவது எப்படி என்று, எனக்குத் தெரிந்த அளவுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இது யார் கதவு?

நம்ம பக்கம் இதிலேயே பாதிப் பேர் வழி தவறுகிறார்கள். கோபிச்செட்டிபாளையத்துக்காரரின் எம்.பி. திருப்பூர் எம்.பி. அந்தியூர், பவானி, பெருந்துறைக்கும் அப்படித்தான். காங்கேயமும் தாராபுரமும் திருப்பூர் மாவட்டத்தில் இருந்தாலும் ஈரோடு மக்களவைத் தொகுதியில் வருகின்றன. அவிநாசி நீலகிரியோடு, பல்லடம் கோயம்புத்தூரோடு, உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியோடு. இந்தக் குழப்பத்தில் ரயில் நிறுத்தம் கேட்டு எம்.எல்.ஏ.விடமும், ஊராட்சி சாக்கடைக்காக எம்.பி.யிடமும் மனு கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ரயில், தேசிய நெடுஞ்சாலை, ஜி.எஸ்.டி., வருங்கால வைப்பு நிதி எல்லாம் எம்.பி. பக்கம். தெருவிளக்கும் சாக்கடையும் முதலில் உள்ளாட்சியில் கேட்க வேண்டியவை. கிராமசபையில் தீர்மானமாக்கிவிட்டால் அடுத்த படிக்கு அதுவே ஆவணம் ஆகிவிடும். மருத்துவமனை, அரசுப் பள்ளி, அரசுப் பேருந்து, குடிநீர்த் திட்டம், பாசனம், மாநில நெடுஞ்சாலை, மின்சாரம், ரேஷன் எல்லாம் மாநில அரசின் கையில் இருப்பவை. எம்.எல்.ஏ.வுக்கு வேலை அங்கேதான்.

அடுத்தது துறை. மருத்துவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ் வரும். தாலுகா தலைமை மருத்துவமனை, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். அமைச்சர் ஒருவர்தான், ஆனால் கோப்பு போகிற பாதை மூன்று. "ஜி.எச்.ல டாக்டர் இல்லை" என்று மொட்டையாக எழுதினால் தாள் எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமலே பத்து நாள் சுற்றும். பாசனத்துக்கும் இதே கதை: 2021 முதல் நீர்வளத் துறை தனித் துறை, இன்னமும் பொதுப்பணித் துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பல குளம் குட்டைகள் ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருப்பதால், நம்ம ஊர்க் குளம் யார் வசம் என்று முதலிலேயே வி.ஏ.ஓ.விடமோ பி.டி.ஓ. அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: விஷயம் நீதிமன்றத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கு நடக்கிற விஷயத்தைப் பேரவையில் பேச விடமாட்டார்கள். வழக்கு இருந்தால் அதைத் தொடாத ஒரு துண்டைப் பிரித்தெடுத்துக் கேட்க முடியுமா என்று யோசியுங்கள். பெரும்பாலும் முடியும்.

தாள் சேர்ப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அரசு வேலை ஒன்று நடக்க ஒரு வரிசை உண்டு. கீழே இருக்கும் அலுவலகம் இந்த வேலை வேண்டும் என்று கருத்துரு அனுப்பும். மதிப்பீடு தயாராகும். நிர்வாக அனுமதி வரும், அது அரசாணையாகவோ கலெக்டர் உத்தரவாகவோ இருக்கும். அப்புறம் தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை, வேலை, முடித்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவு, பில். "எஸ்டிமேட் போட்டாச்சுங்க" என்று அதிகாரி சொன்னால் நாம் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். எஸ்டிமேட் என்பது இரண்டாவது படி. அனுமதி வராமல் அங்கேயே வருஷக்கணக்கில் தூங்குகிற எஸ்டிமேட்டுகள் எத்தனையோ. நம்ம ஊர் வேலை இந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அதைத் தெரிந்துகொண்டு பேசுகிறவரிடம் "பாத்துச் சொல்றேன்" என்று யாரும் சொல்ல முடியாது.

கண்டுபிடிக்கும் வழி தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. கேள்வியை எழுதுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. தகவல் உரிமையில் "ஏன்" என்று கேட்கக் கூடாது. கோப்பில் இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும், காரணம் சொல்லும் கடமை கிடையாது. அதனால் நகல் கேளுங்கள்: நிர்வாக அனுமதி உத்தரவின் நகல், மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல், இதுவரை கொடுத்த தொகையும் தேதியும். நகலாகத் தருவது சிரமம் என்றால் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. அந்த "ஏன்" இருக்கிறதே, அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதைக் கேட்கும் இடம் சட்டப்பேரவை, கேட்க வேண்டியவர் எம்.எல்.ஏ.

எங்கள் தொட்டிக் கதை அப்படித்தான் வெளியே வந்தது. மதிப்பீட்டின் நகல் கையில் கிடைத்ததும் நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். அஸ்திவாரம், தூண், தொட்டி, ஏணி, பெயின்ட் எல்லாம் இருந்தது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பிரதான குழாயிலிருந்து தொட்டிவரைக்கும் வரவேண்டிய இணைப்புக் குழாய் மட்டும் எந்த வரியிலும் இல்லை. தொட்டி கட்டியது ஒரு அலுவலகம், பிரதான குழாய் இன்னொரு அலுவலகத்தினுடையது. நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தை இரண்டு பேரும் தன்னுடையது இல்லை என்று விட்டுவிட்டார்கள். தம்பி பேனாவை வைத்துவிட்டு, "ஏனுங்கண்ணா, இத்தனை நாள் நாம தண்ணி கேட்டோம், கேட்டிருக்க வேண்டியது பைப்புங்களா?" என்றான். ஒன்றரை வருஷத்தில் அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தையும் இதே கண்ணால் பாருங்கள். அறுபது வருஷத்துக்கு மேலாகப் போராடிக் கேட்டு, சுமார் 1,916 கோடி ரூபாய் செலவில், 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாக வருகிற தண்ணீரில் 1.5 டி.எம்.சி., வினாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுத்து, 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுப்பது திட்டம். இப்போது ஓர் ஊரில் "எங்க குளத்துக்குத் தண்ணி வரலை" என்றால் அதில் மூன்று வெவ்வேறு பிரச்சினை இருக்கலாம். குளம் அந்த 1,045-ல் இருக்கிறது, ஆனால் குழாயோ வால்வோ பழுது: அது பராமரிப்புக் கேள்வி. பட்டியலில் இருக்கிறது, ஆற்றில் உபரி வரவில்லை: அதற்கு அமைச்சரைக் கேட்டுப் பயனில்லை, நீரேற்றிய நாட்களின் பதிவைத்தான் கேட்க வேண்டும். பட்டியலிலேயே இல்லை: அது புதுத் திட்டத்துக்கான கோரிக்கை, வேறு பாதை, வேறு காலக்கணக்கு. மூன்றையும் ஒரே மனுவில் கலந்துவிட்டால் வருகிற பதில் மூன்றில் எது சுலபமோ அதற்கு மட்டும்தான் வரும்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்

சேர்த்த தாள்களை வைத்து மனு எழுதுங்கள். மனுவில் ஓர் ஊர், ஒரு துறை, ஒரு பிரச்சினை. "எங்கள் ஊருக்கு ரோடு, பஸ், சுடுகாடு, நூலகம்" என்று அடுக்கிய மனுவை நான்கு துறைக்கும் நகல் எடுத்து அனுப்புவார்கள், நான்கு இடத்திலும் "இதர இனங்கள் பிற துறையைச் சார்ந்தவை" என்று மூடிவிடுவார்கள். முதல் பத்தியில் பிரச்சினை: எங்கே, எப்போதிருந்து, எத்தனை குடும்பம். இரண்டாவது பத்தியில் செலவு: எவ்வளவு அனுமதித்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், வேலை எந்தப் படியில் நிற்கிறது. உத்தரவு எண்ணும் தேதியும் தவறாமல் இருக்கட்டும். மூன்றாவது பத்தியில் என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியம். "இணைப்புக் குழாய் அமைக்க எந்த அலுவலகம் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் முடிப்பார்கள் என்பதைப் பேரவையில் கேட்டுத் தெரிவிக்க வேண்டுகிறோம்" என்று நாங்கள் எழுதினோம்.

ஒரு தேதியிட்ட போட்டோ, தகவல் உரிமைப் பதிலின் நகல், கிராமசபைத் தீர்மான நகல், முன்பு கொடுத்த மனுக்களின் ஒப்புகை எண்கள் இவற்றைப் பின்னால் இணையுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாளில் கொடுத்தது, முதலமைச்சரின் 1100 உதவி எண்ணில் பதிவு செய்தது, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பேசியது எல்லாமே இங்கே உதவும். கீழே இருக்கிற கதவுகளை எல்லாம் தட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்பதற்கு அவைதான் சாட்சி. கையெழுத்து நூறு வேண்டியதில்லை. வீட்டு எண்ணோடு இருபது பேர் போதும், அந்த இருபதில் பெண்கள் பாதியாவது இருக்கட்டும். குடம் தூக்குகிறவர்கள் அவர்கள்தான்.

யாரையும் திட்ட வேண்டாம். "கமிஷன் வாங்கிக்கொண்டு" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் எம்.எல்.ஏ.வால் அந்தத் தாளை அப்படியே பயன்படுத்த முடியாது. பேரவைக் கேள்வியில் குற்றச்சாட்டு, ஊகம், வாதம் எல்லாம் இருக்கக் கூடாது என்பது விதி. தொகையையும் தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டாலே போதும், படிக்கிறவருக்குப் புரிந்துவிடும்.

நேரில் பார்ப்பது

கல்யாணம், காதுகுத்து, எழவு வீடு என்று நம்ம பக்கம் எம்.எல்.ஏ.வைப் பார்க்க ஏகப்பட்ட இடம் உண்டு. அங்கே வணக்கம் சொல்லுங்கள், மனு கொடுக்காதீர்கள். முகூர்த்த நாளில் அவர் கைக்கு வருகிற தாள் உதவியாளரிடம் போய், கார் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தாள் கட்டோடு சேர்ந்துவிடும். தொகுதி அலுவலகத்தில் அவர் உட்காருகிற நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, நாலைந்து பேராகப் போங்கள். விவரம் தெரிந்த ஒருவர் மட்டும் பேசுவது நல்லது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் கடைசியாகப் பேசியவர் சொன்னது மட்டும் நினைவில் நிற்கும்.

இரண்டு நகல் கொண்டுபோங்கள், ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். உதவியாளரின் பெயரையும் வாட்ஸ்அப் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பேரவைச் செயலகத்துக்குக் கேள்வியைத் தயாரித்து அனுப்புகிற வேலையில் பாதி அவர் தலையில்தான் விழும். அவருக்கு மனுவைத் தட்டச்சு செய்த கோப்பாகவும் அனுப்பிவிடுங்கள். திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியது இல்லை என்பதாலேயே உங்கள் மனு மேலே வரும், இது என் சொந்த அனுபவம்.

ஆளுங்கட்சிக்காரரா எதிர்க்கட்சிக்காரரா என்று பார்த்துத் தயங்குகிறவர்கள் உண்டு. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வால் அமைச்சரின் அறைக்குள் போய்ப் பேச முடியும். எதிர்க்கட்சிக்காரரால் பேரவையில் தயங்காமல் கேட்க முடியும். ஓட்டுப் போட்டோமா இல்லையா என்பது இங்கே கணக்கே இல்லை, தொகுதிக்கு அவர்தான் உறுப்பினர். பிரச்சினை இரண்டு தொகுதிக்குப் பொதுவானது என்றால், கீழ்பவானி வாய்க்கால் மாதிரி, பக்கத்து எம்.எல்.ஏ.க்களிடமும் அதே தாளைக் கொடுங்கள். இரண்டு பேர் கேட்கிற கேள்வி இரண்டு மடங்கு கவனம் பெறும்.

பேரவையில் எந்த வழி?

பலருக்கும் "சட்டசபையில் பேசினார்" என்பது ஒன்றுதான். உள்ளே பல வழிகள் உண்டு, எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்பது நல்லது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்வார், எம்.எல்.ஏ. துணைக் கேள்வி கேட்கலாம். 2022 ஜனவரி முதல் கேள்வி நேரத்தை நேரலையில் பார்க்கவும் முடிகிறது. ஆனால் இடம் கொஞ்சம், போட்டி அதிகம். நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். ஊர் அளவிலான பிரச்சினைக்கு நான் இதையே கேட்கச் சொல்வேன். கைதட்டல் கிடைக்காது, தொகையும் தேதியும் அச்சில் கிடைக்கும். திடீரென்று வெடித்த பொதுப் பிரச்சினை என்றால் அமைச்சரின் கவனத்தை அதன் பக்கம் திருப்பும் கவன ஈர்ப்பு. கேள்வி நேரம் முடிந்ததும் வருகிற நேரமில்லா நேரத்தில் சட்டென்று எழுப்புவதும் உண்டு.

செலவைப் பற்றிக் கேட்க ஏற்ற காலம் மானியக் கோரிக்கை நடக்கிற வாரங்கள். பட்ஜெட் படித்த பிறகு ஒவ்வொரு துறையும் தன் பணத்தைப் பேரவையில் கேட்டு நிற்க வேண்டும், அந்தந்தத் துறைக்குக் கொள்கை விளக்கக் குறிப்பும் வைப்பார்கள். எந்த நாள் எந்தத் துறை என்ற பட்டியல் முன்கூட்டியே வந்துவிடும். குடிநீர்ப் பிரச்சினையைப் போக்குவரத்துத் துறை நாளில் சொல்லிப் பயனில்லை. அந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் உங்கள் தாள் எம்.எல்.ஏ. மேசையில் இருக்க வேண்டும். வெட்டுத் தீர்மானம் என்று ஒன்றும் உண்டு, துறை கேட்கும் தொகையைக் குறைக்கச் சொல்லி ஒரு குறையைப் பதிவு செய்வது. அது நிறைவேறாது, ஆனால் பிரச்சினை பதிவில் ஏறும்.

பட்ஜெட் தாளைப் படிக்கப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு திட்டத்தின் வரியிலும் நான்கு தொகை இருக்கும்: முன்பு உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டுக்கு முதலில் ஒதுக்கியது, அதையே நடுவில் திருத்தியது, அடுத்த ஆண்டுக்குக் கேட்பது. ஒதுக்கியதற்கும் திருத்தியதற்கும் நடுவே பெரிய இறக்கம் இருந்தால் அந்தத் திட்டத்துக்குப் பணம் அறிவித்தார்கள், செலவு செய்யவில்லை என்று அர்த்தம். அங்கேயே உங்கள் கேள்வி பிறந்துவிடும். நம்ம ஊருக்கு எவ்வளவு என்று அதில் இருக்காது, அதற்குத் தகவல் உரிமைதான் வழி. நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும், பின்னாளில் அதே பொறுப்பில் இருந்த சி. சுப்பிரமணியமும் கோவை மாவட்டத்தில் பிறந்தவர்கள். வரவு செலவுத் தாள் நமக்கு அந்நியமான ஒன்று இல்லை.

"ஆவன செய்யுமா" என்று முடிக்காதீர்கள்

பேரவைக் கேள்விகளில் அடிக்கடி பார்க்கிற முடிவு இது: "பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?" மரியாதையான வாக்கியம்தான். ஆனால் இதற்கு "நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம், எழுதியும்விடுகிறார்கள். அதனால் கேள்வியை உடைத்து எழுதிக் கொடுங்கள். எங்கள் தாளில் இருந்தது ஏறக்குறைய இப்படி:

"(அ) மேற்படி மேல்நிலைத் தொட்டிக்கு நிர்வாக அனுமதி அளித்த நாள், அனுமதித்த தொகை, இதுவரை வழங்கிய தொகை எவ்வளவு, (ஆ) தொட்டிக்குப் பிரதான குழாயிலிருந்து இணைப்பு வழங்கப்பட்டுள்ளதா, (இ) இல்லையெனில், மதிப்பீட்டில் அது சேர்க்கப்படாததற்குக் காரணம் என்ன, (ஈ) அப்பணியைச் செய்ய வேண்டிய அலுவலகம் எது, எந்த நாளுக்குள் முடிக்கப்படும்?"

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. (அ)வுக்குத் தொகை வேண்டும், (ஆ)வுக்கு ஆமாம் அல்லது இல்லை, (இ)யில் நாம் எடுத்து வைத்த அந்த "ஏன்", (ஈ)யில் பொறுப்பும் தேதியும். கேள்வி துறைக்குப் போனதுமே கீழே இருக்கிற அலுவலகத்துக்கு விவரம் கேட்டு ஓலை வரும். எங்கள் ஊருக்கு ஜீப் வந்தது பதில் வருவதற்கு முன்னால், அந்த ஓலை வந்த வாரத்தில்தான். இரண்டு அலுவலகத்துக்காரர்களும் ஒரே நாளில் வந்து, தொட்டிக்குக் கீழே நின்று டேப் பிடித்து அளந்துகொண்டு போனார்கள்.

பதிலைப் படிப்பது, பின்தொடர்வது

பதில் வந்துவிட்டால் பட்டாசு வெடிக்கத் தோன்றும். முதலில் படியுங்கள். "கருத்துரு எதுவும் அரசின் பரிசீலனையில் இல்லை" என்று வந்தால் கீழ் அலுவலகம் கருத்துருவே அனுப்பவில்லை என்று பொருள். சென்னையை விட்டுவிட்டு மாவட்ட அலுவலகத்தில் உட்காருங்கள். "கருத்துரு பெறப்பட்டுப் பரிசீலனையில் உள்ளது" என்றால் கோப்பு தலைமைச் செயலகத்தில் இருக்கிறது, இப்போதுதான் எம்.எல்.ஏ. அமைச்சரை நேரில் பார்த்துப் பேச வேண்டிய நேரம். "சாத்தியக்கூறு இல்லை" என்றால் ஆய்வறிக்கையின் நகலைத் தகவல் உரிமையில் கேளுங்கள், சில நேரம் அப்படி ஓர் ஆய்வே நடந்திருக்காது. "நடவடிக்கை எடுக்கப்படும்", "விரைவில் முடிக்கப்படும்" என்று அமைச்சர் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அவையில் அமைச்சர் தரும் உறுதிமொழிகளைக் கணக்கில் எடுத்து, நிறைவேற்றினார்களா என்று துறையைக் கேட்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று பேரவையிலேயே இருக்கிறது. நாளும் பதிலும் குறிப்பிட்டு அந்தக் குழுவுக்கு எம்.எல்.ஏ. வழியாக எழுதலாம். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் நம் கையில் இருக்கிற நல்ல ஆயுதங்களில் இது ஒன்று.

பேரவை விதி 110-ன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அவையில் படிக்கிற அறிவிப்பையும் இதே மாதிரி தேதியோடு குறித்து வையுங்கள். அதன்மீது அவையில் விவாதம் கிடையாது, அதனால் அறிவித்த நாளில் எழாத கேள்விகளை நாம்தான் பிறகு எழுப்ப வேண்டும்: அரசாணை வந்ததா, எண் என்ன, பணம் ஒதுக்கினார்களா?

மனுக்கள் குழு

எம்.எல்.ஏ. எடுக்கவே இல்லை என்றாலும் பேரவைக்கு ஒரு பக்கவாசல் இருக்கிறது. பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும், வருவதற்கு முன் கலெக்டர் அலுவலகம் வழியாகப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009 என்று எழுதி, அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் கொடுக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரே துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலைவாய்ப்பு, வங்கிக் கடன், வழக்கில் இருப்பவை ஆகியவற்றை எடுக்க மாட்டார்கள். நல்ல மனு என்றால் குழு அந்த இடத்துக்கே வந்து அதிகாரிகளை நிற்க வைத்துக் கேட்கும்.

தொகுதி நிதி பற்றி ஒரு எச்சரிக்கை

எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி 2019-20 முதல் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஒரு சட்டமன்றத் தொகுதியில் எத்தனை ஊராட்சி என்று எண்ணிப் பாருங்கள், அந்தத் தொகை எவ்வளவு சின்னது என்று தெரியும். நிழற்குடை, பள்ளி வகுப்பறை, சின்னப் பாலம் இவற்றுக்கு அது சரி. துறையே செய்ய வேண்டிய வேலைக்கு அந்த நிதியைக் கேட்டுவிட்டால் துறை தப்பித்துவிடும், அதே பணம் வேறு ஓர் ஊரின் நிழற்குடைக்குப் போகாமல் போகும். எங்களிடமும் "நம்ம நிதியில போட்டுக்கலாமுங்க, சீக்கிரம் முடியும்" என்றார்கள். ஒரு நாள் முழுக்க ஊரில் பேசிவிட்டு, வேண்டாம் என்று சொன்னோம். குழாயை விட்ட அலுவலகம் குழாயைப் போடட்டும் என்றுதான் எல்லோருமே நினைத்தோம், தாமதம் ஆனாலும்.

தொகுதியின் பெரிய தேவைகளுக்கு வேறு பட்டியல் உண்டு. 2022-ல் 234 எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கச் சொல்லி முதலமைச்சர் கடிதம் எழுதினார். உங்கள் தொகுதியில் அந்தப் பத்து என்னென்ன, எவை முடிந்தன என்று கேட்டு வாங்குங்கள். அது ரகசியம் இல்லை.

கூட்டம் சேர்ப்பதா, தாள் சேர்ப்பதா?

கூட்டத்துக்கு உரிய இடம் உண்டு. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றார்கள், தங்கள் குறைகளை அரசு காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் காட்டிய எதிர்ப்பு அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது, தேர்தலையே தள்ளிவைத்தார்கள். நாடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தினார்கள். அந்த ஆயிரம் பேரின் கோபத்தை நான் மதிக்கிறேன், அவர்கள் நின்றது சரிதான் என்றும் நினைக்கிறேன். ஆனால் எதிர்ப்புக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் பொதுவான பதிலாகத்தான் இருக்கும். குறிப்பிட்ட வாய்க்கால், குறிப்பிட்ட மடை, குறிப்பிட்ட தொகை என்று கேட்கக் கூட்டம் முடிந்த பிறகு யாராவது ஒருவர் மேசையில் உட்கார்ந்தாக வேண்டும். ஊரில் அந்த ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். ரிட்டயர்டு வாத்தியாரோ, கல்லூரியில் படிக்கிற பெண்ணோ, மில்லில் கணக்கு எழுதுகிறவரோ, யாராக இருந்தாலும் சரி.

கோப்பு

எல்லாவற்றையும் ஒரே கோப்பில், தேதி வரிசையில் வையுங்கள். மேலே ஒரு தாளில் எப்போது யாரிடம் என்ன கொடுத்தோம், அடுத்த தேதி என்ன என்று எழுதிக்கொண்டே வாருங்கள். தேர்தல் வந்து எம்.எல்.ஏ. மாறினால் பழைய அலுவலகத்தில் கொடுத்த மனு புதியவர் கைக்கு வரும் என்று நம்பிவிடாதீர்கள். பதவியேற்ற முதல் மாதத்திலேயே முழுக் கோப்பின் நகலோடு போய் நில்லுங்கள், கேள்வி என்றைக்குக் கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்ற பக்கத்தை முதலில் வையுங்கள்.

எங்கள் கோப்பு இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. குழாய் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏறிய நாளின் போட்டோதான் தொட்டி பற்றிய கடைசிப் பக்கம். அதற்கு அடுத்த பக்கம், மாலை ஆறே முக்காலுக்கு வந்துகொண்டிருந்து நின்றுபோன டவுன் பஸ்ஸைப் பற்றிப் போக்குவரத்துக் கழகத்துக்குப் போட்ட தகவல் உரிமை மனு. முப்பதாவது நாள் அடுத்த வியாழக்கிழமை வருகிறது.